ஏறக்கூடாத மேட்டில் ஏறிய ஜீப்

ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனி கார்களுக்குக் கதவுக் கைப்பிடி செய்கிறது. அங்கே யார் பிளான்ட் ஹெட்டாக வந்தாலும், அவருடைய ஆசை எதுவோ அதுவே எங்கள் மேனேஜர்களின் பிறவி ஆசையாகிவிடும். முன்பு ஒருவர் மராத்தான் ஓடுகிறவர். அவர் இருந்தவரை மேனேஜர்கள் எல்லோரும் விடியற்காலையில் ஏரிக்கரையைச் சுற்றி ஓடினார்கள். அதில் முட்டி தேய்ந்துபோன ஃபைனான்ஸ் மேனேஜர், மாடிப்படி ஏறும்போதெல்லாம் இன்றைக்கும் அவரைப் பெயர் சொல்லாமல் திட்டுகிறார். அடுத்து வந்தவர் சிறுதானியக்காரர். கேன்டீனில் சோறு மறைந்து வரகும் குதிரைவாலியும் வந்தன. அவர் மாற்றலாகிப் போன அன்று மத்தியானமே அத்தனை மேனேஜர்களும் ஒரே பிரியாணிக் கடையில் ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர் பாஸ்கரன். காடு, சேறு, பாறை என்று வண்டி ஓட்டுகிறவர். அவர் அறைச் சுவரில், பாதி சேற்றில் புதைந்த ஒரு பெரிய வண்டியின் மேல் அவர் கையை விரித்துக்கொண்டு நிற்கிற படம் மாட்டப்பட்டது. அந்த வாரமே 'மட் லயன்ஸ்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கியது. சேற்றுச் சிங்கங்கள். ஆபீஸ் ஏசியை விட்டு வெளியே வராதவர்கள் எல்லோரும் அதில் சேர்ந்தார்கள்.

சௌந்தரராஜன் எங்கள் குவாலிட்டி மேனேஜர். அருப்புக்கோட்டைக்காரர். தலைமுடி அளவுக்குக் கீறல் இருந்தாலும் லென்ஸ் வைத்துப் பார்த்து ஒரு லாட் கைப்பிடியையே திருப்பி அனுப்புகிற ஆள். மழை பெய்தால் பார்க்கிங்கிலிருந்து ஆபீஸ் வாசல்வரை செங்கல் போட்டு வைக்கச் சொல்வார், ஷூவில் சேறு படக்கூடாது என்று. அப்போது துணை பிளான்ட் ஹெட் பதவி காலியாக இருந்தது. ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவர் புரொடக்ஷன் மேனேஜர் விஜயகுமார். விஜயகுமார் முந்திக்கொண்டு ஷோரூமிலிருந்து புது வண்டியே எடுத்துவிட்டார். சௌந்தரராஜனுக்கு வீட்டு லோன் கழுத்தில் கிடந்தது. புது வண்டி முடியாது.

நான் பர்ச்சேஸில் இருக்கிறேன், பெயர் சுபாஷ். சொந்த ஊர் கெலமங்கலம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசுவேன். ஒருநாள் கேன்டீனில் சௌந்தரராஜன் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சுபாஷ், பழைய ஜீப் ஒண்ணு வேணும்யா."

"உங்களுக்கா சார்?"

"ஏன், எனக்கென்ன? சின்ன வயசுலேர்ந்தே அது ஒரு வெறிய்யா."

போன மாதம்வரை அவருக்கு வரகரிசிமேல்தான் வெறி இருந்தது.

மாதேஷ் என்று ஒரு புரோக்கர் எனக்குப் பழக்கம். அவன் எங்களைப் பேரிகைக்குப் பக்கத்தில் முனிவேல் என்பவருடைய தக்காளித் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். பம்ப் ஷெட் பக்கத்தில் ஜீப் நின்றிருந்தது. நின்றிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. சக்கரங்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. பானெட் மேல் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்கள். பின்சீட் இருக்க வேண்டிய இடத்தில் உர மூட்டைகள். கதவு என்று எதுவும் இல்லை.

"மிலிட்டரி வண்டி சார்," என்றான் மாதேஷ். "பனிமலை பார்டர்ல ஓடினது. குண்டு பட்ட எடம்கூட இருக்குது, பாருங்க."

அவன் தொட்டுக் காட்டியது துரு தின்ற ஓட்டை. கைப்பிடிக் கீறலுக்கு லென்ஸ் தேடுகிற சௌந்தரராஜன், அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

நான் முனிவேலிடம் தெலுங்கில் கேட்டேன், நிஜமாகவே மிலிட்டரி வண்டியா என்று. அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு தெலுங்கிலேயே பதில் சொன்னார். தான் வாங்கும்போது அது பஞ்சாயத்து எலெக்ஷனுக்கு மைக்செட் கட்டிக்கொண்டு ஓடியதாகவும், அதற்கு முன்னால் எந்தச் சண்டைக்குப் போனது என்று தனக்குத் தெரியாது என்றும்.

"என்ன சொல்றாரு?" என்றார் சௌந்தரராஜன்.

நான் வாய் திறப்பதற்குள் மாதேஷ் மொழிபெயர்த்துவிட்டான். "நாட்டுக்காக ஓடின வண்டி, விக்க மனசு வரலேங்கறாரு சார்."

சௌந்தரராஜன் முனிவேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் நல்லாப் பாத்துக்குவேன்யா," என்றார். முனிவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பம்ப் ஷெட் பக்கம் இடம் காலியாகிற சந்தோஷத்தில் தலையாட்டினார். போகும்போது எங்களுக்கு ஒரு பை நிறையக் குடமிளகாய் கொடுத்தார்.

திரும்பும் வழியில் நான் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்யா," என்றார். "விக்க மனசில்லாதவன் அப்படித்தான் வண்டியைக் கொறைச்சுப் பேசுவான்."

ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போய், கெலமங்கலம் ரோட்டில் ஆஞ்சப்பனின் தகரக் கொட்டகையில் விட்டோம். ஆஞ்சப்பன் மெக்கானிக். வாயில் 'முடியாது' என்ற வார்த்தையே வராது. வேலையும் அதே மாதிரி வராது. யார் எதைக் கேட்டாலும், "ஆயிடுச்சு சார், நாளைக்கு எடுத்துக்கலாம்," என்பான். அந்த நாளைக்காகக் கொட்டகையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வண்டிகள் காத்துக்கொண்டிருந்தன. சிலவற்றின்மேல் கோவைக்கொடி படர்ந்திருந்தது.

"இன்ஜினு செத்துப் போச்சு சார்," என்றான் முதல் நாள். "கவலைப்படாதீங்க. பிக்கப் வண்டி டீசல் இன்ஜின் ஒண்ணு இருக்குது, எறக்கிடறன். அப்புறம் பாருங்க, செவுத்துலகூட ஏறும்."

"மிலிட்டரி இன்ஜின் போயிருமேய்யா?"

"மிலிட்டரிலயே இப்ப புது இன்ஜின்தான் சார் போடறாங்க."

பொங்கலுக்கு விட்ட வண்டி ஆடியிலும் அங்கேதான் நின்றது. சௌந்தரராஜன் ஒவ்வொரு சனிக்கிழமையும் போவார். ஆன்லைனில் வாங்கிய மெக்கானிக் கையுறை, காடு மாதிரி பச்சைப் புள்ளி போட்ட பேன்ட். ஒரு ஸ்பேனரைக் கையில் வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் தலையை நீட்டுவார். நான் போட்டோ எடுக்க வேண்டும். எடுத்ததும் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, சானிட்டைசர் போட்டுக்கொள்வார். படம் குரூப்புக்குப் போகும். பாஸ்கரன் ஒரு கட்டைவிரல் போடுவார். சௌந்தரராஜன் அதை என்னிடம் காட்டுவார்.

"பாத்தியா? விஜயகுமார் புது வண்டிப் படத்துக்குச் சாரு வெறும் கும்பிடுதான் போட்டாரு. எனக்குக் கட்டைவிரல்."

பெயின்ட் சுரண்டுகிற நாள் வந்தது. அடியில் ராணுவப் பச்சை இருக்கும் என்று மாதேஷ் சத்தியம் செய்திருந்தான். அந்தப் பச்சை வெளிப்படுகிற தருணத்தை வீடியோ எடுத்துக் குரூப்பில் போட வேண்டும் என்று சௌந்தரராஜன் என்னை மொபைலோடு நிறுத்தினார். ஆஞ்சப்பன் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தான். முதலில் ஒரு கட்சியின் நிறம் வந்தது. அதற்கடியில் எதிர்க்கட்சியின் நிறம். அதற்கும் அடியில் மறுபடி முதல் கட்சி. இந்த மாவட்டத்தின் தேர்தல் முடிவுகள் எல்லாம் அந்த பானெட்டில் வரிசையாக இருந்தன. கூட்டணி மாறிய வருஷத்தில் மட்டும் இரண்டு நிறம் கலந்து ஒரு மாதிரி சகதி நிறமாக இருந்தது.

"இன்னும் தேயி," என்றார் சௌந்தரராஜன்.

தேய்த்தான். வெள்ளை வந்தது. வெள்ளையின் நடுவில் சிவப்பாக ஒரு முனை தெரிந்தது. தேய்க்கத் தேய்க்க முக்கோணம் முழுசாக வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம். அதற்குக் கீழே அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண், நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஞ்சப்பன் உப்புத்தாளைப் பிழிந்தான். "இதுவும் ஒரு போர்தான் சார்."

"வீடியோவை அழிய்யா," என்றார் சௌந்தரராஜன். மறுநாளே ராணுவப் பச்சை டப்பா வாங்கிக் கொடுத்தார். முக்கோணத்துக்குமேல் மட்டும் மூன்று பூச்சு அடிக்கச் சொன்னார்.

டயர் விஷயத்திலும் ஒரு கூத்து. விஜயகுமார் வண்டிக்கு உரல் மாதிரி அகல டயர். சௌந்தரராஜன் அதே மாதிரி கேட்டார். அது இந்த ஜீப்புக்குப் பொருந்தாது என்று ஆஞ்சப்பனால் சொல்ல முடியாதே. "ஆயிடுச்சு சார்," என்றான். கடைசியில் மாட்டியிருந்தவை குமிழ் குமிழாகப் புடைத்த ஒல்லியான பட்டன் டயர்கள். சௌந்தரராஜன் முகம் சுண்டிப் போயிற்று. மாற்றக் கேட்டால் மறுபடி பொங்கல் வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டார்.

வண்டியை எடுக்கும்போது ஆஞ்சப்பன், கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லிவரைக் காட்டினான். "ஏத்தம் வந்தா இதைப் பின்னாடி இழுங்க. நாலு சக்கரமும் இழுக்கும். ஆக்ஸிலேட்டரே மிதிக்க வேணாம், தானா ஏறும். ஒண்ணே ஒண்ணு. நடு ஏத்தத்துல கிளச்ச மட்டும் மிதிச்சிடாதீங்க. பிரேக்கு கொஞ்சம் அப்புடி இப்புடி. பின்னாடி உருண்டுடும்."

"பிரேக் அப்படி இப்படின்னா?"

"ஆயிடுச்சு சார், நாளைக்கு வாங்க, பாத்துக்கலாம்."

அன்று சாயங்காலம் அவருடைய அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினோம். புகை மேலே எழும்பி முதல் மாடித் துணிகளைத் தொட்டது. ரேவதி இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சௌந்தரராஜனின் மனைவி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"கதவு எங்கங்க?"

"ஜீப்புக்குக் கதவு கெடையாதும்மா. அதுதான் அதோட அழகு."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து கதவுக் கைப்பிடி, கதவுக் கைப்பிடின்னுதான் பேசிட்டு இருக்கீங்க. சோறு போடறது கதவு. வாங்கிட்டு வந்தது கதவில்லாத வண்டி." அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, அடுத்த சாருக்கு என்ன ஆசைன்னு முன்கூட்டியே விசாரிச்சு வைங்க. யானை வளக்கறவரா இருந்தா இங்க பார்க்கிங் பத்தாது."

ஆவணியில் நல்ல மழை. சிங்கங்கள் முதல்முறையாகக் கிளம்பின. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கைவிடப்பட்ட கல்குவாரி. காட்டுக்குள் போனால் வனத்துறை பிடிக்கும் என்பதால் வாடகைக்குப் பேசிய இடம். எல்லோருக்கும் ஒரே டி-ஷர்ட், நெஞ்சில் கர்ஜிக்கிற சிங்கம். ஹெச்ஆரிலிருந்து ஸ்வாதி படம் எடுக்க வந்திருந்தாள். நான் சௌந்தரராஜன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவு இல்லாததால் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

பாஸ்கரன் ஜீப்பைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "இதுதான் அந்த மிலிட்டரி பீஸா?"

"பனிமலை பார்டர் சார்."

பாஸ்கரன் பானெட்டைத் தட்டினார். சரியாக முக்கோணம் இருந்த இடத்தில். "வீரம் தெரியுது," என்றார்.

குவாரியின் ஒரு பக்கம் லாரி ஏறிப் போன பழைய மேடு. அதன் அடிவாரத்தில் களிமண் ஊறிக் குழம்பாகக் கிடந்தது. பாஸ்கரன் முதலில் போனார். இன்ஜின் அலறியது, சேறு நாலாபக்கமும் பறந்தது, வண்டி குழம்பின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. அடுத்து விஜயகுமார். அவர் கெட்டிக்காரர். பாஸ்கரன் வண்டிக்குக் கொஞ்சம் பின்னால், மரியாதையான தூரத்தில், ஸ்டியரிங்கை ஒடித்துத் தானும் மாட்டிக்கொண்டார். உடனே குதித்து முழங்கால் சேற்றில் போய் பாஸ்கரனின் கதவைத் திறந்துவிட்டார். அதன்பிறகு ஃபைனான்ஸ், மெயின்டனன்ஸ் என்று பதவி வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து மாட்டினார்கள்.

கடைசியாக நாங்கள்.

"சுபாஷ், எங்க மாட்டணும், பாத்துச் சொல்லுய்யா," என்றார் சௌந்தரராஜன். நெற்றியில் வேர்வை. "சாருக்கு முன்னாடி மட்டும் போயிரக்கூடாது."

"இடது பக்கம் நல்ல சகதி சார். அங்க விடுங்க."

சின்ன லிவரை இழுத்து, சகதியைப் பார்த்து வண்டியை விட்டார். ஒல்லி டயர்கள் குழம்பைக் கத்திபோல அறுத்துக்கொண்டு கீழே இறுகிய தரையைப் பிடித்தன. ஜீப் நிற்கவில்லை. இன்னும் ஆழமான இடமாகப் பார்த்துத் திருப்பினார். அங்கேயும் நிற்கவில்லை. மாட்டு நடையில் போய்க்கொண்டே இருந்தது.

"சார், நிறுத்துங்க! பெரிய சாரைத் தாண்டப் போறோம்!"

"எப்படிய்யா நிறுத்த? கிளச்சை மிதிச்சா பின்னாடி உருளும்னானே அந்தப் படுபாவி! பின்னாடி அத்தனை பேரும் நிக்கிறாங்களே!"

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். அப்போதும் போனது. வேகமாகத் தாண்டியிருந்தாலாவது ஒரு நொடியில் முடிந்திருக்கும். எங்கள் ஜீப் அவ்வளவு மெதுவாகப் போனதில், பாஸ்கரனின் வண்டியை வாலிலிருந்து மூக்குவரை முழுசாகத் தாண்டுவதற்குள் சௌந்தரராஜனுக்குப் பல தடவை மன்னிப்புக் கேட்க நேரம் கிடைத்தது.

"ஸாரி சார்... நிக்க மாட்டேங்குது சார்... ஸாரி சார்... நானா போகல சார்..."

பாஸ்கரன் சேற்றில் நின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து எங்களோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பியது. ஜீப் மேட்டில் ஏறியது. ஏறி உச்சிக்கு வந்துதான் சமதரையில் நின்றது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கைதட்டினார்கள்.

சௌந்தரராஜன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கீழே பார்த்தார். திடீரென்று சிரித்தார். நான் அவரை ஆபீஸில் ஒருநாளும் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. பல் எல்லாம் தெரிய, தோள் குலுங்க. "ஏறிட்டோம்யா!" என்றார். அடுத்த கணமே கீழே யார் நிற்கிறார்கள் என்று நினைவு வந்திருக்க வேண்டும். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மற்ற வண்டி எல்லாம் சிக்கிக் கிடந்ததால் இழுத்துவிட எங்கள் ஜீப் ஒன்றுதான் மிச்சம். மேலேயிருந்து கயிற்றைப் போட்டோம். பாஸ்கரனின் மலை மாதிரி வண்டி, எங்கள் தகர டப்பாவுக்குப் பின்னால், கட்டிய கன்றுக்குட்டிபோல மேலே வந்தது. ஸ்வாதி படம் எடுத்தாள். பாஸ்கரன் கண்ணாடியை இறக்கி, "நல்லா ஓட்டறீங்க, சௌந்தரராஜன்," என்றார். கஸ்டமர் கழித்துத் திருப்பி அனுப்பிய சரக்கு லாரியைப் பார்க்கும்போது அவர் குரல் அப்படித்தான் இருக்கும்.

அந்தப் படத்தை ஸ்வாதி கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டாள். 'ஒருவரையொருவர் உயர்த்துவோம்' என்று தலைப்பு வேறு. திங்கட்கிழமை காலை ஷிப்டில் அது ஒவ்வொரு தொழிலாளி மொபைலிலும் இருந்தது. மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆனது. யாராவது லீவு கேட்டு மறுக்கப்பட்டால் அந்த ஸ்டிக்கர், ஓவர்டைம் வெட்டினால் அந்த ஸ்டிக்கர். கயிற்றில் வருகிற பாஸ்கரன். சௌந்தரராஜன் ஸ்வாதியின் மேஜைமுன் நின்று கிட்டத்தட்ட அழுதார்.

"அதை எடுத்துரும்மா."

"லைக்ஸ் நெறைய வந்திருக்கு சார்!"

"அதனாலதாம்மா எடுக்கச் சொல்றேன்."

துணை பிளான்ட் ஹெட் பதவி விஜயகுமாருக்குப் போனது. சௌந்தரராஜனுக்கும் ஒரு செய்தி இருந்தது. சாமல்பட்டிக்கு அப்பால் கம்பெனி ஒரு புது குடோன் கட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பாக அவரைப் போட்டார்கள். பாஸ்கரன் எல்லோர் முன்னாலும் கைகொடுத்தார். "அங்க ரோடு இன்னும் போடல. உங்ககிட்டத்தான் அதுக்கான வண்டி இருக்குது."

ரேவதி, மகள் படிப்பைக் காட்டி, ஓசூரிலேயே தங்கிவிட்டார். "பார்க்கிங்காவது காலியாச்சு," என்றாராம். சௌந்தரராஜன் ஜீப்பில் பெட்டியைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனார். ஊத்தங்கரையில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டார்.

இங்கே ஓசூரில் பாஸ்கரன் வண்டியை விற்றுவிட்டார். அந்தக் கயிற்றுக்குப் பிறகு அவருக்குச் சேறு கசந்துவிட்டது. பெங்களூரில் ஏதோ ஒரு தியான முகாமுக்குப் போய் வந்து மௌனம் தொடங்கினார். மீட்டிங் ஆரம்பிக்கும்முன் எல்லோரும் கண்ணை மூடி உட்கார வேண்டும். விஜயகுமார் மௌனத்தில் எவ்வளவு தேறினார் என்றால், தொழிலாளர்கள் கேட்கிற எதற்கும் பதிலே சொல்வதில்லை.

அடுத்த ஐப்பசியில் குடோன் திறப்புப் பூஜை. முந்தின நாள் முழுக்க மழை. கார்களில் போனவர்கள் தார் ரோடு முடிகிற புளியமரத்தடியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அதற்குமேல் ஏரிக்கரை ஓரமாகக் களிமண் பாதைதான். ஜீப் வந்தது. சௌந்தரராஜன் ஆள் கறுத்திருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ். பாஸ்கரன் முன்சீட்டில் உட்கார்ந்தார். விஜயகுமாரும் நானும் பூசணிக்காயும் வாழைத்தாருமாகப் பின்னால்.

ஒவ்வொரு பள்ளத்திலும் பாஸ்கரன் கூரைக் கம்பியில் முட்டிக்கொண்டார். முகத்தில் அமைதியை வைத்திருக்க ரொம்பப் பாடுபட்டார். பாதி வழியில் முடியவில்லை.

"ரோடு எங்கங்க?"

"இதுதான் சார்."

"நிறுத்துங்க. நான் நடந்தே வரேன்."

சௌந்தரராஜன் நிறுத்தினார். பிரேக்கைச் சரிசெய்திருந்தார் போலிருக்கிறது, வண்டி அசையாமல் நின்றது. "இறங்குங்க சார்," என்றார். குரலில் பணிவுக்கு ஒரு குறையும் இல்லை.

பாஸ்கரன் காலைக் கீழே வைத்தார். கால் கெண்டைச்சதைவரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது காலில் சாக்ஸ் மட்டும் இருந்தது. ஷூ இருந்த இடத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது. விஜயகுமார் குதித்துத் தேடலாமா என்று யோசித்தார். அவர் போட்டிருந்ததும் புது ஷூ. பூசணிக்காயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சௌந்தரராஜன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நேரே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர்க்காகம் ஒன்று முங்கி எழுந்தது. அது மறுபடி முங்கி எழும்வரை பார்த்தார்.

"போலாங்களா சார்?"

"போங்க," என்றார் பாஸ்கரன்.

ஒற்றை ஷூவோடு பூஜை நடந்தது. பூசாரிக்கு மட்டும் சந்தோஷம், ஒரு ஷூவையாவது கழற்றிவிட்டு வந்திருக்கிறாரே என்று. கற்பூரம் அணைவதற்குள் பாஸ்கரன் சொல்லிவிட்டார், "ரோடு உடனே போடணும் சௌந்தரராஜன். உங்க பொறுப்பு. முடிஞ்ச அன்னைக்கு நீங்க ஓசூருக்கே வந்துடலாம்."

ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். கான்ட்ராக்டர் ஜல்லி கொண்டுவந்து கொட்டினார். சௌந்தரராஜன் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். ஜல்லி ஒரே அளவாக இல்லை, திருப்பி எடுத்துப் போ என்றார். அடுத்த லோடு வந்தது. தூசி அதிகம். அதற்கடுத்த கான்ட்ராக்டர் நல்ல கருங்கல் ஜல்லியாகவே கொண்டுவந்தார். நிறம் சரியில்லை. ரோட்டு ஜல்லிக்கு நிறம் பார்த்த முதல் மனிதர் இந்த மாவட்டத்திலேயே அவராகத்தான் இருப்பார்.

ஓசூரிலிருந்து யார் போனாலும் புளியமரத்தடியில் இறங்கி, அவருக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது ஜீப் வரும். ஒருதடவை விஜயகுமார் ஸ்டாக் பார்க்க வந்தார். சௌந்தரராஜன் டீ குடித்து, கணக்குப் பார்த்து, இன்னொரு டீயும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். நான் அப்போது குடோனில் இருந்தேன்.

"சார், வெயில்ல நிக்கறாரு."

"மௌனமா நிக்கட்டும்யா. பழக்கம்தானே."

"ரோடு முடிஞ்சா நீங்க ஊருக்கே வந்துடலாமே சார்? வீட்டுல ரேவதி மேடம் கேக்க மாட்டாங்களா?"

"கேக்கறா. என்ன செய்ய? குவாலிட்டில காம்ப்ரமைஸ் பண்ண முடியுமா?" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டே எழுந்தார். போகும்போது சீட்டி அடித்தார்.

அன்று சாயங்காலம் நான் திரும்பும்போது ஷிப்ட் விட்டிருந்தது. குடோனில் பேக்கிங் செய்கிற பெண்கள் பத்துப் பேருக்குமேல் அந்தப் பாதையில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஜீப்பில் ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும்தான் இடம். சௌந்தரராஜன் ஹாரன் அடித்ததும் அவர்கள் வரப்பில் ஒதுங்கினார்கள். ஒதுங்கியும் சேலையில் சேறு தெறித்தது. அவர் கவனிக்கவில்லை. என்னைப் புளியமரத்தடியில் இறக்கிவிட்டு ஊத்தங்கரைப் பக்கம் போய்விட்டார்.

நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்தப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அதில் நாகம்மாள் என்பவரை எனக்கு முகப் பழக்கம் உண்டு. பக்கத்து ஊரில் நிலம் இருக்கிறது. மழைக்காலம் போக மிச்ச நாளில் வேலைக்கு வந்தவர், இப்போது எல்லா நாளும் வருகிறார். ரோட்டோரப் பம்ப்செட் பக்கம் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"ஏப்பா, நீ ஓசூரு ஆபீசுதான? இந்த சாரு எப்ப மாத்தலாகிப் போவாரு?"

"ரோடு போட்டு முடிச்சதும் போயிடுவாரும்மா."

திருப்பி அனுப்ப வைத்திருந்த ஜல்லிக் குவியல் பக்கம் ஒருமுறை பார்த்தார் நாகம்மாள். மேலே புல் முளைக்க ஆரம்பித்திருந்தது.

"அப்ப இங்கயே ரிட்டயர் ஆயிடுவாருன்னு சொல்லு," என்றார். செருப்பைக் கழுவித் தட்டிக் காலில் மாட்டிக்கொண்டு, மற்றப் பெண்களோடு சேர்ந்து ஊரைப் பார்த்து நடந்தார்.